லேசாகச் சுற்றும் சில்லு

நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன்பிடி ஊர். அங்கே பனி ஸ்கூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தவள் நவரூபி. வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் பழக வந்த அருளம்பலத்துக்கு ஐம்பத்துநான்கு.

அருளம்பலம் வவுனியாவில் இருபது வருடம் பஸ் திருத்தியவர். ‘பஸ்ஸைப் பார்த்தவனுக்கு இந்தப் பனிவண்டி எம்மாத்திரம்’ என்றுதான் வந்தார். முதல் வாரமே கிறீஸ் பம்பை அமத்தோ அமத்தென்று அமத்தி, ஒரு பேரிங்கின் ரப்பர் மூடியை வெளியே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து அவளை ரீச்சர் என்று கூப்பிட்டார். பகிடியாகத் தொடங்கியது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

மே மாதம் பனி கரைய, வண்டிகள் கடைக்கு வரும். ஒவ்வொன்றின் அடியிலும் அகலமான ரப்பர் பட்டி. பட்டிக்குள்ளே, அதை உருட்டும் சக்கரங்களாகப் பத்துப் பன்னிரண்டு சின்னச் சில்லுகள். குளிர்காலம் முழுக்கப் பனித்தண்ணீர் குடித்த சில்லுகள் அவை. ஒவ்வொன்றையும் கழற்றி, பேரிங் மூடியைத் திறந்து, பழைய கிறீஸைத் துடைத்துப் புதியதை வைக்கவேண்டும். நவரூபியின் கடையில் அதுதான் சட்டம்.

அன்று அருளம்பலம் மூன்று சில்லோடு நிறுத்தி, கருவிப் பெட்டியை மூடினார்.

“முடிஞ்சுதோ அண்ணை?”

“முடிஞ்சுது ரீச்சர். சத்தம் போட்டது மூண்டு. மூண்டுக்கும் வச்சாச்சு.”

“மற்றதுகள்?”

“அதுகள் வழுக்கிக்கொண்டு சுத்துது. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்?”

நவரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

“அக்கா எப்பிடி இருக்கிறா?”

அக்கா என்றது அருளம்பலத்தின் மனைவி தவமலரை. ஒன்றரை வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தவர். மீன் தொழிற்சாலையில் வேலை. சூரியனே எழும்பாத முதல் குளிர்காலத்தில் தவமலர் பின்னேரம் தவறாமல் அழுதார். அருளம்பலமும் தவறாமல் பக்கத்தில் இருந்து, இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்து, விறைத்த கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார். மனிசியில் அவருக்கு அவ்வளவு பட்சம்.

“இப்ப நல்ல சுகம். பழகீட்டா. அழுகையில்லை, முறைப்பாடில்லை. என்ன கேட்டாலும் சிரிச்சுக்கொண்டு ‘எனக்கொண்டுமில்லை’ எண்டுறா. ஓஸ்லோவில தன்ர தங்கச்சியோட போய் இருக்கப்போறாவாம்.”

“எத்தினை நாளைக்கு?”

“கேட்டன். ‘பாப்பம்’ எண்டா. நானும் சரியெண்டிட்டன். ஒரு வாக்குவாதமும் இல்லை.”

“எப்ப பயணம்?”

“வாற திங்கள்.”

நவரூபி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அருளம்பலம் சில்லுகளைக் கண்ணால் காட்டினார்.

“அதை விடுங்கோ. நான் ஒண்டு கேக்கிறன் ரீச்சர். வடிவாச் சுத்திற சில்லை என்னத்துக்கு மினக்கெட்டுக் கழட்டவேணும்?”

அவள் கோப்பையை வைத்துவிட்டு, அவர் கிறீஸ் வைத்த சில்லு ஒன்றையும் வைக்காத சில்லு ஒன்றையும் கழற்றி வந்தாள். இரண்டையும் ஆணியில் கோத்து, விரலால் ஒரே மாதிரிச் சுண்டிவிட்டாள்.

முதலாவது நாலு சுற்றுச் சுற்றி நின்றது. மற்றது சுற்றிக்கொண்டே இருந்தது. அருளம்பலம் மூன்று வாய் தேத்தண்ணி குடித்தார். அது அப்போதும் நிற்கவில்லை.

“எது நல்ல சில்லு அண்ணை?”

“இதென்ன கேள்வி? இதுதான். பாருங்கோ, நிக்குதே இல்லை.”

அவள் மெல்லிய ஊசியால் இரண்டின் மூடியையும் நெம்பித் திறந்தாள். நாலு சுற்றில் நின்றதற்குள்ளே புதுக் கிறீஸ் நிறைந்திருந்தது. மற்றதற்குள்ளே இரும்புக் குண்டுகள் மட்டும். கிறீஸ் பொட்டும் இல்லை.

“பிடிக்கிறதுக்கு உள்ளுக்கு ஒண்டுமில்லை. அதுதான் இவ்வளவு லேசாச் சுத்துது.”

“சத்தம் போடேல்லையே?”

“கொஞ்ச நாள் போட்டிருக்கும். ஓடுற வண்டியில ஆருக்குக் கேக்கும்?”

அருளம்பலம் அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிசியின் அழுகை நின்றது போன வருடம் தை மாதம். அழுகை நிற்க, அவர் பக்கத்தில் இருப்பதும் நின்றது. இஞ்சித் தேத்தண்ணி நின்றது. கடையில் கூடுதல் நேரம் வேலை செய்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார். ‘பாப்பம்’ என்ற சொல் அவருக்கு இப்போதுதான் காதில் விழுந்தது.

“ரீச்சர்... இது காஞ்சு கனநாள் போல. இனிச் சரிவருமோ?”

அவள் அதைக் காதருகே பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னும் கரகரப்பு வரேல்லை அண்ணை. கிறீஸ் வச்சா ஓடும்.”

கிறீஸ் தகரப்பேணியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் பம்பைத் தொடவில்லை. பெருவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் வைத்து அமத்தினார். மூடியைப் பொருத்திச் சுண்டினார். நாலு சுற்று. நின்றது.

கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த சில்லை எடுத்தார். நவரூபி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“அக்காவுக்கு எத்தினை மணிக்கு வேலை முடியும்?”

“மூண்டுக்கு.”

சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை.

“கையைக் கழுவிக்கொண்டு போங்கோ. மிச்சச் சில்லுகளை நான் பாக்கிறன்.”