இரண்டு முடிச்சு பாக்கி

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒருத்தி நிற்பாள். அவளுக்குப் பசிக்காது, உட்காரவும் தெரியாது. அருப்புக்கோட்டைப் பக்கம் அந்த ஒருத்தி பெரும்பாலும் நான்தான். கார்டில் ‘வெட்டிங் கோஆர்டினேட்டர்’ என்று போட்டிருக்கிறேன். ஊரில் கேட்டால் கல்யாணம் பார்த்துக்கொள்ளும் சண்முகக்கனி என்பார்கள். இருநூற்றுப் பதினாறு கல்யாணம் பார்த்தாயிற்று. ஒன்றில்கூட முகூர்த்தம் தவறியதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே.

அதில் ஒரே ஒரு கல்யாணத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். கடைசியில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பெண்ணின் அப்பா தர்மலிங்கம் அண்ணாச்சி. அவருடைய மூத்த மகளுக்கு முகூர்த்தம் தவறித்தான் தாலி ஏறியது. அதன் பிறகு அந்த வீட்டில் பால் திரிந்தாலும் சம்பந்தி வீட்டார் அதைத்தான் சொல்லிக்காட்டினார்கள். அதனால் இளையவள் கல்யாணத்தை என்னிடம் ஒப்படைத்தபோது சாப்பாடு, பூ எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

“ஒம்போது மணிக்குள்ள தாலி ஏறிடணும்மா. மத்தது எப்படிப் போனாலும் போகட்டும்.”

“ஏறிடும் அண்ணாச்சி” என்று வாக்குக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை ரவீந்திரனுக்குத் தாய் இல்லை. வளர்த்தது அக்கா பொன்மலர். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மீதி இரண்டும் நாத்தனார் போட வேண்டும். மாப்பிள்ளை முந்தின நாளே மண்டபத்துக்கு வந்துவிட்டார். பொன்மலர் மட்டும், நடக்கமுடியாத பெரியவர்களையெல்லாம் காலையில் பஸ்ஸில் ஏற்றித் தானே கூட்டிவருவதாகச் சொல்லி ஊரில் தங்கிவிட்டாள். போனில் என்னிடம் கேட்டாள்.

“என்ன ஆனாலும் என் முடிச்சை வேற யார் கையிலயும் குடுத்துராதீங்கக்கா. இருபது வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

“உங்க முடிச்சு உங்களுக்குத்தான்” என்றேன். அதுவும் வாக்குதான்.

கல்யாணத்தன்று எட்டு இருபதுக்கு அந்த பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. சரக்கு ரயில் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நடுவிலேயே நின்றுவிட்டதாம். பூக்காரரைப் பைக்கில் விரட்டி, கேட் திறந்ததும் பொன்மலரை ஏற்றிவர இந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். ரயில் நகர்ந்தபோது மணி எட்டு ஐம்பது. அங்கிருந்து மண்டபத்துக்கு எப்படிப் பறந்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

“இன்னும் ஏழு நிமிஷம்தான் இருக்கு” என்றார் ஐயர்.

ரவீந்திரன் தாலியைக் கையில் வாங்கினார். கட்டவில்லை. “அக்கா வராம நான் கட்டமாட்டேன்.”

அண்ணாச்சி மேடைக்குக் கீழே துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பெண் தலையே நிமிரவில்லை.

அப்போது மாப்பிள்ளையின் சித்தி விசாலம் தன் மகளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “சித்தி மகளும் தங்கச்சிதானே? எந்திரிடி வடிவு, நீ போடு!” நாத்தனாருக்கு வைத்திருந்த பட்டுச்சேலை தட்டில் இருந்தது. முடிச்சுப் போடுகிறவளுக்குத்தான் அது. வடிவு அதை இரண்டு தரம் தொட்டுப் பார்த்ததை நானே கண்டேன். ஐயரும் போடலாம் என்றார். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். “போடு தாயி.”

நான் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தேன். “தம்பி, ஒரு முடிச்சுதான் உங்களோடது. அதை நேரத்துக்குள்ள போடுங்க. மீதி ரெண்டும் அக்காவுக்குப் பாக்கி நிக்கும். நான் பொறுப்பு.”

எப்படி நிற்கும் என்று எனக்கே தெரியாது. எட்டு ஐம்பத்தெட்டுக்கு அவர் முதல் முடிச்சைப் போட்டார். கயிறு புது மஞ்சளில் வழுக்கிற்று. விட்டால் அவிழ்ந்துவிடும். பின்னால் நின்ற வடிவு இரண்டு முனைகளையும் பிடித்தாள்.

“போடுடி!” என்றாள் விசாலம்.

“அக்கா வரட்டும்மா.”

“கூறு கெட்டவளே, பட்டு உனக்குடி!”

“தெரியும்மா.”

முனைகளை விரல்களில் சுற்றிக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல் அப்படியே நின்றாள். கெட்டிமேளத்தை நிறுத்த வேண்டாம் என்று நான் சாடை காட்டினேன்.

“அக்கா, கை கழண்டுரும்!” என்று கத்தினார் தவில்காரர்.

“கழண்டா நான் மாட்டிவிடுறேன், அடிங்க!”

ஒன்பது பத்துக்குப் பொன்மலர் ஓடிவந்தாள். தலையெல்லாம் காற்றில் கலைந்து கிடந்தது. மூச்சு வாங்கியபடியே இரண்டு முடிச்சையும் போட்டாள். பிறகுதான் தம்பியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

பந்தியில் சண்டை தொடங்கியது. “மூணு முடிச்சும் ஒம்போதுக்குள்ள விழலை. முகூர்த்தம் தவறினதுதான்” என்றாள் விசாலம். முதல் முடிச்சிலேயே தாலி ஏறிவிட்டது என்றார் ஐயர். தன் பிடிவாதத்தால்தான் அக்காவின் உரிமை பிழைத்தது என்றார் மாப்பிள்ளை. என் யோசனையால்தான் இரண்டு வாக்கும் பிழைத்தது என்றேன் நான். வடிவு இடது கையால் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். வலது கை விரல்கள் இன்னும் நிமிரவில்லை.

அக்கா வரும்வரை கட்டமாட்டேன் என்ற மாப்பிள்ளை, முதல் முடிச்சை மட்டும் போடச் சொன்ன நான், கைக்கு வந்த முடிச்சைப் போடாமல் பிடித்து நின்ற வடிவு: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வடிவு. மாப்பிள்ளை காட்டியது பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தால் முகூர்த்தம் தவறியிருந்தால் பழி வந்து விழுவது மணப்பெண் தலையில். நான் கொடுத்ததோ இரண்டு வாக்கு, ஒன்றைக் காத்தால் மற்றது உடையும்படி. வடிவு முடிச்சைப் போட்டிருந்தால் அன்று ஒருவரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தாய், ஐயர், பெண்ணின் அப்பா எல்லோரும் போடத்தான் சொன்னார்கள், பட்டும் கிடைத்திருக்கும். யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காத அவள், என்னுடைய இரண்டு வாக்கையும் விரலில் சுற்றிக் காப்பாற்றினாள். இந்தத் தீர்ப்பை எங்கே கேட்டாலும் மாற்றாமல் சொல்கிறேன். சொல்லிவிட்டு, முதல் முடிச்சைப் போடச் சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.