அரிசிப் பானையில் மணி நாக்கு

சொறியாத மெரிட்டா. கைய எடு. சொறிஞ்சா தழும்பு விழும், அப்புறம் பெரியம்மா சொல்லலன்னு சொல்லக்கூடாது. அரிச்சா வேப்பிலையால மெல்லத் தடவிக்கோ. உங்கம்மா வர நாலு மணி ஆகும். அதுவரைக்கும் நாந்தான்.

என்ன கேட்ட? "எனக்கு மட்டும் ஏன் அம்மை போட்டுச்சு"ன்னா? எனக்குத் தெரியாது. அதுக்கு ஒரு கதை வேணா தெரியும். படுத்துக்கிட்டே கேக்கணும், நடுவுல எந்திரிச்சு உக்காரக்கூடாது. "ம்" கொட்டு, போதும்.

ஒரு ஊர்ல ஒரு மணி இருந்துச்சு. கடலோரத்து ஊரு. ஒரு பக்கம் கடலு, இன்னொரு பக்கம் உப்பளம், நடுவுல மாதா கோயிலு, கோயிலுக்குப் பக்கத்துல ஒசரமா ஒரு மணிக்கூண்டு. அந்த மணிய அடிக்கிறவ பேரு சவேரியம்மா. முதல்ல அவ புருசன்தான் அடிச்சுக்கிட்டு இருந்தான். அவன் கடலுக்குப் போனவன் வராமப் போனதும் கயிறு இவ கைக்கு வந்துச்சு. செசிலின்னு ஆறு வயசுல ஒரு மக. அம்புட்டுத்தான் குடும்பம்.

"ம்."

அந்த ஊர்ல ஒரு முறை உண்டு. யாரு வீட்டுலயாவது சாவு விழுந்தா, வாசல்ல ஒரு வெள்ளத்துணியத் தொங்க விட்டுட்டு உள்ள போயி உக்காந்துக்கணும். வீடு வீடாப் போயி சொல்லக்கூடாது. விடியக்காலம் சவேரியம்மா கூண்டுல ஏறுனா, மேல இருந்து ஊர ஒரு சுத்துப் பாப்பா. எந்த வாசல்ல துணி ஆடுதோ, அந்த வீட்டுக்குத் துக்க மணி அடிப்பா. வயசுக்கு ஒரு அடி. டாங்… டாங்…னு எழுபது அடிச்சா கெழவன். அஞ்சு அடிச்சா புள்ள. மணி கேட்டா ஊரே துணி கட்டுன வீட்டத் தேடி வரணும். கொதிக்கிற உலைய இறக்கி வச்சிட்டு வரணும், வலைய அப்படியே போட்டுட்டு வரணும்.

அப்புறம் என்னாச்சு, செசிலிக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள் அனலாக் கொதிச்சுச்சு. நாலாம் நாளு போயிட்டா.

"செத்துப்போச்சா?"

ஆமா, செத்துப்போச்சு. சவேரியம்மாவே வாசல்ல துணியக் கட்டுனா, அவளே கூண்டுல ஏறுனா, அவளே ஆறு அடிச்சா. டாங்… டாங்… டாங்… ஆறையும் எண்ணி அடிச்சா. ஊரே வந்துச்சு, எடுத்து அடக்கம் பண்ணுச்சு, அவுங்கவுங்க வீட்டுக்குப் போயிருச்சு.

மறுநா அவ ஒரு ஏணியத் தூக்கிக்கிட்டுக் கூண்டுல ஏறுனா. கடக்கு முடக்குன்னு திருகி மணியோட நாக்கக் கழட்டிட்டா. நாக்குன்னா உள்ள தொங்குமே இரும்பு, அது. முழங்கை நீளம். அத செசிலி பாவாடையில சுத்திக் கொண்டுபோயி, வீட்டுல அரிசிப் பானைக்குள்ள பொதச்சு வச்சா. கோயிலுக்குள்ள போயி, சிலுவையில தொங்குற ஆண்டவரப் பாத்துச் சொன்னா: "எம்புள்ளைய ஏன் எடுத்தன்னு நீ வாயத் தொறந்து சொல்லு. அதுவரைக்கும் உன் மணியும் வாயத் தொறக்காது."

"ம்."

அப்போ முதல்ல உபதேசியாரு வந்தாரு. ஊர்ப் புள்ளைகளுக்குக் கோயில்ல செபம் சொல்லிக் குடுக்குறவரு. தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "யம்மா சவேரி, ஆதித்தாய் தகப்பன் பண்ணுன பாவம்மா. விலக்குன கனியத் தின்னாங்க, அன்னையில இருந்துதான் நோவும் சாவும். நாக்கக் குடு"ன்னாரு.

சவேரியம்மா, "பழம் தின்னது அவுங்க. எம்மக மூணு நாளா கஞ்சித்தண்ணிகூடக் குடிக்கல, உபதேசியாரே"ன்னா. அவரு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் பெரிய வீட்டு மதலேனம்மா வந்தா. கழுத்துல சங்கிலி சலக்கு சலக்குன்னு ஆட வந்து உக்காந்து, "ஆண்டவரு உன்னயச் சோதிக்காரு தாயி. தங்கத்த நெருப்புல போட்டாத்தான மாத்துத் தெரியும்"னா.

"தங்கத்த நெருப்புல போட்டவன் திருப்பி எடுத்துக் குடுப்பான்லா யக்கா. எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க"ன்னா சவேரியம்மா. மதலேனம்மா கையில கொண்டாந்த முறுக்க வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. முறுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும். அவ தின்னிருக்க மாட்டா.

மூணாவது, கோயில்ல பூசை வைக்கிற சாமியாரே வந்தாரு. வயசானவரு, முழங்கால் வலி, மெதுவா வந்தாரு. "சவேரி, ஆண்டவரு மனுசன பொம்மையாப் படைக்கல. கடல கடலா விட்டாரு, காத்த காத்தா விட்டாரு. ஒவ்வொண்ணுலயும் கையப் போட்டுத் தடுத்துக்கிட்டே இருந்தா உலகம்னு ஒண்ணு இருக்காதும்மா"ன்னாரு.

சவேரியம்மா மூலையில இருந்த செசிலி பாயக் காட்டுனா. "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கு சாமி. ஆனா அவ பாய்ல அவ இல்லயே. நான் என்ன செய்யட்டும்?"

அப்போ சாமியாரு, "தெரியலம்மா"ன்னாரு. நாக்கக் குடுன்னு அவரு கேக்கல. நல்ல மனுசன். முழங்காலப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சுப் போனாரு.

தூங்கிட்டியா?

"இல்ல. மணி?"

மணி அடிக்கல. ஒரு மாசம், ரெண்டு மாசம். பூசைக்கு ஆளுக ஆளுக்கொரு நேரத்துக்கு வந்தாங்க. நல்லவேள, அந்த ரெண்டு மாசம் ஊர்ல சாவு விழல.

அப்புறம் ஒருநா, சவேரியம்மா விறகு பொறுக்க உப்பளத்துப் பக்கம் போனா. உச்சி வெயிலு. உப்பளத்து ஓரத்துல ஒத்த வீடு. முந்தின வருசந்தான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த சின்னப்பொண்ணு, பேரு அமலி. புருசன் கடல்லயே தங்கி மீன் புடிக்கிற தங்கலுக்குப் போயிருந்தான், பத்து நாளைக்குத் திரும்ப மாட்டான். பேறுகாலத்துல வீட்டோட கெடந்ததுல மணிச் சங்கதி எதுவும் அவளுக்குத் தெரியாது. அவ வாசல்ல உக்காந்திருக்கா. மடியில பொறந்து ஒரு மாசமான புள்ள, துணி போத்தியிருக்கு. கதவுல வெள்ளத்துணி தொங்குது. பட பட பட பட…ன்னு காத்துல அடிக்குது.

சவேரியம்மா விறகுக் கட்ட கீழ போட்டா.

அமலி அழல. சவேரியம்மாவ நிமுந்து பாத்து, "யக்கா, விடியும் முன்னாடியே துணி கட்டிட்டேன். கட்டுனா ஊரே வரும்னு எங்க மாமியா உசிரோட இருந்தப்ப சொல்லியிருந்தாவ. ஏன்க்கா யாருமே வரல?"ன்னு கேட்டா.

"ம்."

ஏன்னு கேட்டா, பாரு. ரெண்டு மாசமா சவேரியம்மா மேல பாத்துக் கேட்டுக்கிட்டு இருந்த அதே ஏன். இப்போ அவளப் பாத்து ஒருத்தி கேக்குறா. இந்த ஏனுக்கு அவளுக்குப் பதில் தெரியும். வீட்டுல அரிசிப் பானைக்குள்ள கெடக்கு.

செசிலிக்கு அவ அடிச்சப்ப ஊரே ஓடி வந்துச்சு. இந்தப் புள்ளைக்கு ஒரு அடி இல்ல. காலையில இருந்து இவ ஒத்தையில உக்காந்திருக்கா.

ஓடுனா. தப தப தபன்னு ஓடுனா. பானையில கைய விட்டா, அரிசி சர்ர்ருன்னு தரையெல்லாம் கொட்டுச்சு. நாக்கச் சுத்தியிருந்த செசிலி பாவாடைய உருவி இடுப்புல சொருகிக்கிட்டு, நாக்கத் தோள்ல வச்சிக்கிட்டு ஏறுனா. கடக்கு முடக்குன்னு மாட்டுனா. மேல இருந்து பாத்தா துணி நல்லாத் தெரிஞ்சுது. புள்ளைக்கு ஒரு வயசுகூட ஆகல, அதனால ஒரே ஒரு அடி.

டாங்ங்ங்…

ஊருக்கு மணி கேட்டுச்சு. அப்புறம் உலைய இறக்குனாங்க, வலையப் போட்டாங்க, வந்தாங்க. உபதேசியாரு மண்வெட்டியோட வந்தாரு, பாவத்தப் பத்திப் பேசல. மதலேனம்மா புள்ளைக்குக் கோடித்துணி கொண்டாந்தா, தங்கத்தப் பத்திப் பேசல. சாமியாரு நொண்டி நொண்டிக் கடைசியா வந்து சேந்தாரு. சவேரியம்மா அமலி பக்கத்துல உக்காந்து, "நாந்தான் மணிய அடிக்கல. எம்மேலதான் தப்பு"ன்னா. அமலி அவ தோள்ல சாஞ்சுக்கிட்டா. அவ்வளவு நேரம் வராத அழுக அப்போதான் வந்துச்சு.

அடக்கம் முடிஞ்சு, வெயில் தாந்ததும் சவேரியம்மா கோயிலுக்குப் போனா. சிலுவையப் பாத்து நின்னா. "நீ இன்னும் சொல்லல"ன்னா.

அவரு ஆணியிலதான் தொங்கிக்கிட்டு இருந்தாரு. ஏன் என்னயக் கைவிட்டன்னு அவரே ஒருநா அங்க தொங்கிக்கிட்டு மேல இருக்கிற தகப்பனப் பாத்துக் கத்துனவருதான். அன்னைக்கு அவருக்கும் பதில் வரல. அது சவேரியம்மாவுக்குத் தெரியும், வருசாவருசம் பெரிய வெள்ளிக்கு, அவரு செத்த நாளன்னைக்கு, கோயில்ல வாசிக்கக் கேக்குறதுதான். ஆனா அன்னைக்குத்தான் அவரு மூஞ்சிய நல்லாப் பாத்தா. மேல சௌகரியமா இருந்துக்கிட்டுப் பதில் சொல்லாம இருக்கிற ஆளு இல்ல இவரு, துணி கட்டுன வீட்டுக்கு வந்து உக்காந்த ஆளுன்னு அவளுக்குப் பட்டுச்சு. கோவம் போச்சான்னு கேக்காத. கொஞ்சம் இருந்திருக்கும். "சரி, நாளைக்கும் கேப்பேன்"னு சொல்லிட்டு, மேல ஏறி சாயங்கால மணிய அடிச்சா.

டாங்… டாங்… டாங்…

"பெரியம்மா… அப்போ ஏன்னு கடைசி வரைக்கும் சொல்லலியா?"

சொல்லல.

"நீ ஏன் வந்த? அம்மை ஒட்டிக்கும்னு யாருமே வரலியே."

ஒட்டுனா ஒட்டட்டும். நீ சொறியாம இருக்கியான்னு யாரு பாக்குறது? மணியும் அடிச்சாச்சு, ஊரும் வந்தாச்சு, கதையும் படுத்தாச்சு. இனி நீயும் படு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.