எறும்புப் புற்றுக்குள் பிணம் தங்காத காரணம்

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்கவில்லை. தடுப்பூசி முகாமில் வரிசையில் நின்ற ஒருவர் தன் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற என் தோழி அதைக் கேட்டு வந்து எனக்குச் சொன்னாள். நடுவில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது அவர்கள் விட்டதா, நான் விட்டதா என்று தெரியவில்லை.

அந்தக் காலத்தில், எறும்பும் வண்டும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, ஒரு கண்மாய்க் கரையின் கருவேல மரத்தடியில் கட்டெறும்புப் புற்று ஒன்று இருந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே ஆத்தா பெற்ற பெண்கள். அதனால் அக்கா, தங்கச்சி என்பதைத் தவிர அங்கே வேறு முறையே கிடையாது.

அவர்களுக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. இரை தேடப் போனவள் வயிற்றில் வாங்கி வந்ததை வாயோடு வாய் வைத்து மற்றவளுக்குக் கொடுப்பாள். ஒருத்தி செத்துப்போனால் உடலை நடுவறையில் மூன்று நாள் கிடத்தி, பிறகு புற்றுக்குள்ளேயே ஒரு மூலையில் சேர்ப்பார்கள். உள்ளே வேலையில் இருப்பவர்களைத் தவிர எல்லோரும் வந்து முகம் தொட்டுவிட்டுப் போக வேண்டும். தொடாதவளைக் கூடப்பிறந்தவளாகவே மதிக்க மாட்டார்கள்.

பேச்சிக்குப் பிள்ளையறையில் வேலை. கால் முளைக்காத அறுபது பிள்ளைகள் அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கி அந்த அறுபதுக்கும் ஊட்டுவாள். உள்ளறையை விட்டு நகராமல் மண் தோண்டுகிற தங்கச்சிகளுக்கும் அவள்தான் கொடுப்பாள்.

ஒருநாள் அவளுடைய அக்கா இருளாயி ஒரு வண்டுக் காலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“என்னக்கா, முதுகெல்லாம் மாவு?”

“மாவு இல்லடி. செத்த வண்டு ஒண்ணு கெடந்துச்சு, அதுமேல வெள்ளையாப் பூத்திருந்துச்சு. வண்டு யானை மாதிரி. நானும் இழுத்துப் பாத்தேன், கால் மட்டும்தான் வந்துச்சு.”

“திரும்பி நில்லு. இந்தக் கோலத்துல ஆத்தாகிட்டப் போயிடாத” என்று பேச்சி அந்தப் பொடியை நாக்கால் வழித்து எடுத்தாள். அக்காவைச் சுத்தம் செய்வதில் அவளுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

அடுத்த மூன்று நாளும் இருளாயி நன்றாகத்தான் ஓடியாடினாள். நாலாம் நாள் கால் இழுத்தது. ஐந்தாம் நாள் செத்துப்போனாள். நடுவறையில் கிடத்தினார்கள். மூன்றாம் நாள் அவள் உடம்பின் மேல் அதே வெள்ளை பூத்தது.

“புண்ணியவதிடி! பூவாப் பூத்துட்டா பாரு” என்றாள் மூத்தவள் கருப்பாயி.

அவ்வளவுதான், ஏற்கெனவே தொட்டவர்களும் மறுபடி வந்து தொட்டார்கள். அந்தப் பூவில் ஒரு பொட்டாவது தங்கள் மேல் ஒட்டட்டும் என்று உரசிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழிந்தும் உடலை எடுக்க யாருக்கும் மனமில்லை.

நாலு நாள் கழித்து ஒன்பது பேருக்குக் கால் இழுத்தது.

“மழை வாடை” என்றாள் கருப்பாயி.

ஊட்டுகிறவளுக்கு யார் எப்போது யாரிடம் போனாள் என்பது தெரியும். அவரவர் முகம் தொட்ட நாளையும் கால் இழுத்த நாளையும் வைத்துப் பேச்சி ஒவ்வொருத்தியாக எண்ணிப் பார்த்தாள். எண்ணியதில் தப்பு இருக்குமோ என்று பயந்து மறுபடியும் எண்ணினாள். அப்போதும் நாலு நாள்தான் வந்தது.

“அக்கா, கால் இழுக்குற அன்னைக்கு நோய் வரல. நாலு நாள் முன்னாடியே உள்ள வந்து அரும்பு கட்டிக்கிட்டு இருக்கு. பூ விரியிறப்பதான் நமக்குத் தெரியுது. அந்த அரும்பு நாள் முழுக்க நல்லாத்தான் திரியிறோம், போற எடமெல்லாம் குடுத்துக்கிட்டே.”

“மழைக்கும் சேத்து ஒரு நாள் குறிச்சுக் குடேன், ஊர்க் குருவியெல்லாம் ஒன்னக் கேட்டுட்டுக் கூடு கட்டும்” என்றாள் கருப்பாயி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் அந்த ஒன்பது பேரும் செத்தார்கள். அன்றே உள்ளறையில் மண் தோண்டிக்கொண்டிருந்த இரண்டு தங்கச்சிகள் சாய்ந்தார்கள். அந்த இருவரும் நடுவறைப் பக்கமே வராதவர்கள், பிணத்தின் முகம் தொடாதவர்கள். அவர்கள் வாய் வைத்த ஒரே இடம் பேச்சியின் வாய்.

பேச்சிக்கு ஒரு கால்கூட இழுக்கவில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அன்று வழித்த பொடி! நோயை நோயில்லாமலே சுமந்துகொண்டு, புற்று முழுக்க ஊட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அவள் அப்போது பிள்ளையறை வாசலில் நின்றிருந்தாள். வயிறு நிறைய இரை இருந்தது. பிள்ளைகளில் இதுவரை ஒன்றுகூடச் சாயவில்லை. இரண்டு நாளாக இரை சரியாக வராததால் பட்டினி கிடந்தன. அவள் வாசனை பட்டதும் அறுபது வாயும் திறந்தன.

பேச்சி வாயை இறுக்கி மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். தன்னிடம் ஒருநாளும் வாங்கித் தின்னாத, பிணத்தின் முகமும் தொடாத, மேற்கு அறையில் வேலை செய்கிற அழகியைக் கூப்பிட்டாள்.

“கிட்ட வராத. அங்கயே நின்னு கேளு. இனிமே இதுங்களுக்கு நீதான். நானோ முகம் தொட்டவளோ குடுத்தா வாங்காத.”

பிறகு நடுவறைக்குப் போய் இருளாயியை வாயில் கவ்விக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். கருப்பாயி குறுக்கே வந்து நின்றாள்.

“கூடப்பிறந்தவளக் குப்பை மாதிரித் தூக்கிட்டுப் போறியே, ஒனக்கு நெஞ்சு கல்லாடி?”

பேச்சி உடலைக் கீழே வைத்தாள். “வழி விடுங்கக்கா, என்னையும் தொட்டுறாதீங்க. இருளாயிய நான் தொட்ட மாதிரி யாரும் தொட்டதில்ல. அதுதான் இப்ப வெனையாப் போச்சு.”

“அப்ப நீ செத்தா ஒன்ன யாரு தூக்குவா?”

“அந்தக் கஷ்டம் வேணாம்னுதான் நானே நடந்து போறேன்.”

கருப்பாயி விலகினாள். இருந்த பிணங்கள் அத்தனையையும் பேச்சி ஒற்றையாளாகச் சுமந்து தூரத்துப் பாறையடியில் கொண்டுபோய் வைத்தாள். கடைசி உடலை வைத்தபின் திரும்பி வரவில்லை. பாறைக்கு இந்தப் பக்கம் தனியாகத் தங்கிவிட்டாள்.

முதல் நாலு நாளில் இன்னும் மூன்று பேருக்குக் கால் இழுத்தது. யாரும் சொல்லாமலே அந்த மூவரும் எழுந்து வெளியே நடந்தார்கள். அடுத்த நாலு நாளில் ஒருத்திக்கும் ஒன்றும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் கருப்பாயி வந்தாள். ஒரு புளிய இலையில் தேன் சொட்டு ஒன்றை இழுத்துவந்து, பன்னிரண்டு எறும்படி தள்ளியே நிறுத்தினாள்.

“இதுக்கு மேல வரலடி. நீதான சொல்லியிருக்க.”

“வராதீங்க. பிள்ளைங்க?”

“அறுபதும் அறுபதாவே இருக்கு. அழகியத்தான் ஒரு எடத்துல உக்கார விடுறதில்ல.”

பேச்சி தன் மீசைக் கொம்புகளைத் தாழ்த்திக்கொண்டாள். “உள்ள பரப்புனதும் நான்தானக்கா” என்றாள்.

“தெரியாமப் பரப்புன. தெரிஞ்சு வெளிய கொண்டுபோன. ஆத்தா ஒனக்குச் சொல்லச் சொன்னது இதுதான். நானும்...” கருப்பாயி முன்னால் நகரப் பார்த்து நின்றுகொண்டாள். தொட்டுச் சொல்லியே பழகியவள். நின்ற இடத்திலிருந்தே இரண்டு மீசையையும் உயர்த்தி அசைத்தாள். அவளுக்குப் பின்னால், புற்று வாசல்வரை வரிசையாக நின்ற தங்கச்சிகளும் மீசையை உயர்த்தினார்கள். தொடாமல் நன்றி சொல்ல முடியும் என்று அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

பேச்சி தேனைக் குடித்தாள். அவள் உயிரோடு இருந்தவரை பாறையடியைப் பார்த்துக்கொண்டாள், ஒருநாளும் தேன் இலைக்குப் பஞ்சம் வரவில்லை.

எறும்புகள் தங்களில் செத்தவளைப் புற்றுக்குள் வைத்துக்கொள்ளாமல் சுமந்துபோய்த் தூரத்தில் சேர்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கேட்டபின் நான் தேடிப் படித்தேன். எறும்புகள் பிணத்தை வெளியே கொண்டுபோவது உண்மை. பூஞ்சை நோய் தொற்றிய கருப்புத் தோட்ட எறும்புகள் நோய் முற்றுவதற்கு முன்பே கூட்டுக்கு வெளியே அதிக நேரம் தங்குவதையும், தொற்றாதவைகூட ஒன்றையொன்று நெருங்குவதைக் குறைத்துக்கொள்வதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாலு நாள் கணக்கை மட்டும் என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.