தையல்நாயகியின் பிசின் உருண்டை

வாய்க்கால் வந்து விழுகிற ஒரு குளம். குளக்கரையில் ஒரு பூவரச மரம். அந்த மரத்தில் தையல்நாயகி என்ற தையல்சிட்டு தன் கணவன் முத்துக்குமருவோடு குடியிருந்தாள்.

இரண்டு பூவரச இலைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இலவம்பஞ்சை நூலாகத் திரித்து, அலகாலேயே தைத்து அவள் கட்டிய வீடு அது. உள்ளே பஞ்சு மெத்தை. மெத்தையில் மூன்று முட்டைகள். வெளியே இருந்து பார்த்தால் இலைதான் தெரியும், வீடு தெரியாது.

அதுதான் தையல்நாயகிக்குப் பெரிய குறை!

அதே மரத்துப் பொந்தில் மங்களம் என்றொரு மைனா இருந்தாள். “ஏன்க்கா, உங்க வீடு எங்கேக்கா இருக்கு?” என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதையும் வீட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“நான் கட்டின வீடு அப்படி மங்களம்! தேடித்தான் கண்டுபிடிக்கணும். சில நாள் நானே தேடறேன்” என்பாள் தையல்நாயகி.

அவள் சுபாவமே அதுதான். ஊர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவாள். வீடு கட்டும்போது ஒரு தடவை தன் வால் இறகையும் இலையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். அரை நாள் அசைய முடியவில்லை. “சொந்த வீடுன்னா ஒரு ஒட்டுதல் வேணாமா?” என்று சொல்லிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆனால் சிரிக்கிறவளுக்கும் ஆசை இருக்காதா? நாலு பேர் வந்து, “அடடா, என்ன வீடு!” என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கினாள்.

ஆடி மாதம் வந்தது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரப்போகிறது என்று கரையெல்லாம் ஒரே பேச்சு. பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள் மங்களம் பறந்து வந்தாள். தெருக்கோடி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து தினமும் டிவி பார்க்கிறவள் அவள். அதனால் உலகத்தில் அவளுக்குத் தெரியாதது கிடையாது.

“அக்கா! காலணா செலவில்லாமப் பண்டிகையை ஜமாய்ச்சுடலாம்! வீட்டுல இருக்கறத வெச்சே அலங்காரம், வீட்டுல இருக்கறத வெச்சே பலகாரம். இன்னைக்கு டிவியில சொன்னாங்க!”

“எங்க வீட்டுல பஞ்சைத் தவிர ஒண்ணும் இல்லையே?”

“அதுக்கென்னக்கா? மத்தவங்க வேணாம்னு போட்டதெல்லாம் நம்ம வீட்டுல இருக்கறதுதான்!”

தையல்நாயகிக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போனது. மறுநாள் விடிந்ததும் வேலையில் இறங்கினாள். கடைவாசல் குப்பையிலிருந்து மிட்டாய்த்தாள்களைப் பொறுக்கி வந்தாள். தங்க நிறம், வெள்ளி நிறம், ஊதா நிறம்! எல்லாவற்றையும் நூலில் கோத்துத் தோரணம் கட்டினாள். செம்பருத்தி இதழ்களை வாசலைச் சுற்றி ஒட்டினாள். நசுங்கிய சோடா மூடிகள் இரண்டைக் கோத்து மணியாகத் தொங்கவிட்டாள். காற்றடித்தால் அவை ‘டிங் டிங்’ என்று அடித்துக்கொண்டன. கிளைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று சுண்ணாம்பைத் தேடினாள். மேல்கிளைக் கொக்குகளின் புண்ணியத்தில் அந்த வேலை முன்பே முடிந்திருந்தது.

அடுத்து பலகாரம். அரிசி ஆலை வாசலில் சிந்திக் கிடந்த குருணையை அள்ளி வந்தாயிற்று. வெல்லம்தான் இல்லை.

“வெல்லம் எதுக்குக்கா?” என்றாள் மங்களம். “வெல்லம் பழுப்பா இருக்கும், ஒட்டும். கருவேல மரத்துப் பிசினும் பழுப்பா இருக்கும், ஒட்டும். ரெண்டும் ஒண்ணுதானே!”

அதுவும் சரிதான் என்று தோன்றியது. தையல்நாயகி குருணையில் பிசினைப் போட்டுப் பிசைந்தாள். உருட்டினாள். அவளுக்குத் தெரிந்த உருண்டை அளவு ஒன்றே ஒன்றுதான், முட்டை அளவு. அவ்வளவு குருணையும் சுருங்கி நாலே நாலு உருண்டைதான் தேறியது. மேலே கொஞ்சம் அரிசி மாவைத் தூவினாள். ஒன்றை எடுத்துக் கிளையில் தட்டிப் பார்த்தாள். கிளைதான் நசுங்கியது. பொருள்விளங்கா உருண்டை என்று மனிதர்கள் ஒரு பண்டம் செய்வார்கள். அதன் பொருளாவது தின்றால் விளங்கும்.

வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் ஓர் இலையை விரித்து உருண்டைகளை வைத்தாள். ஈ மொய்க்காமல் பஞ்சால் மூடினாள்.

அந்த நேரத்தில், இரை தேடப் போயிருந்த முத்துக்குமரு இறக்கை அடித்துக்கொண்டு வந்து இறங்கினான்.

“தையலு! என்னடி கூத்து இது? குளத்துக்கு அக்கரையிலேருந்தே நம்ம வீடு பளபளன்னு தெரியுது!”

“தெரியணும்னுதானேங்க கட்டினேன்!”

“தெரியக் கூடாதுடி! நம்ம வீடு இலையோட இலையா இருக்கறதாலதான் நாம உசுரோட இருக்கோம். எல்லாத்தையும் அவுத்துடு. வர்ற வழியில என்ன பாத்தேன் தெரியுமா? வாய்க்கால் கரையில...”

“நல்ல நாளும் அதுவுமா வந்ததும் வராததுமாச் சண்டையா? முதல்ல இதை ருசி பாருங்க!”

பேசுவதற்குத் திறந்த வாயில் ஓர் உருண்டையைப் போட்டுவிட்டாள். முத்துக்குமரு மென்றான். எச்சில் பட்டதும் பிசின் தன் வேலையைக் காட்டியது.

“செம்... செம்...” என்றான். அதோடு அலகு ஒட்டிக்கொண்டது.

“செமயா இருக்கா!” தையல்நாயகி துள்ளிக் குதித்தாள்.

அவன் தலையை வேகமாக ஆட்டினான். செம்பருத்தி இதழைக் காட்டினான். பிறகு தன் கண்ணைக் காட்டினான். வாய்க்கால் பக்கம் காட்டினான். மறுபடியும் கண்ணைக் காட்டினான்.

“கண்ணுல தண்ணியே வந்துடுச்சா? அவ்வளவு ருசியா!”

முத்துக்குமரு கிளையில் தலையை முட்டிக்கொண்டான். பிறகு குளத்துக்குப் பறந்துபோய் அலகைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் போனபிறகு வீடு அமைதியாக இருந்தது. அதையும் தையல்நாயகி உருண்டையின் நற்பலன்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். “அடேயப்பா! இங்கேயா இருந்துச்சு வீடு!” என்று மங்களம் கூவினாள். தேன்சிட்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. மீன்கொத்தி மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தது. ஆனால் உருண்டையை நீட்டியதும் ஆளுக்கொரு காரணம் முளைத்தது.

“நான் குடிக்கறதோட சரிங்க” என்றது தேன்சிட்டு.

“மீனைத் தவிர எதையும் தொடறதில்லைன்னு எனக்கு ஒரு விரதம்” என்றது மீன்கொத்தி.

மங்களத்துக்கு டிவி நினைவு வந்துவிட்டது.

எல்லாரும் புதுத் தண்ணீர் பார்க்கக் கரைக்குப் போனார்கள். தையல்நாயகி மட்டும் முட்டைகளுக்குக் காவலாக இருந்தாள். மனசு நிறைந்திருந்தது. ‘அடேயப்பா!’ என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். ஒரு பிறவிக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

“உப்... உப்... உப்...”

கீழ்க்கிளையிலிருந்து ஒரு குரல் ஏறி வந்தது. கறுத்த உடம்பு, செங்கல் நிற இறக்கை, ரத்தச் சிவப்பாக இரண்டு கண்கள். செம்போத்து சபாபதி! முட்டை வேட்டையில் அந்த வட்டாரத்திலேயே பேர்போனவர்.

“ஆடிப்பெருக்கு வாழ்த்தும்மா!” என்றார் சபாபதி. “நான் எதிர்ல வந்தாலே நல்ல சகுனம்னு ஊரே கும்புடும். இன்னைக்கு நானே வீடு தேடி வந்திருக்கேன். நீ குடுத்து வெச்சவ!”

தையல்நாயகி பின்வாங்கி வீட்டு வாசலை மறைத்து நின்றாள்.

“இந்த மரத்துக்கு நான் ஆறு தடவை வந்துட்டு வெறும் வயித்தோட திரும்பியிருக்கேன். வீடு எதுன்னே தெரியலை. இன்னைக்கு நீயே தோரணம் கட்டி, மணியும் அடிச்சுக் கூப்பிட்டியே! உன் மனசு யாருக்கும்மா வரும்?”

உள்ளே இருப்பது மூன்று உயிர். இன்னும் நான்கே நாளில் கண் திறக்க வேண்டிய மூன்று உயிர். ஒரே ஒரு ‘அடேயப்பா’வுக்கு ஆசைப்பட்டு, பகைக்கு நானே பந்தல் போட்டுவிட்டேனே என்று தையல்நாயகி தன்னையே நொந்துகொண்டாள்.

சபாபதி ஒவ்வோர் அடியாகக் கிளையில் ஏறி வந்தார். வழியில் இருந்த இலைத்தட்டைப் பார்த்து நின்றார். பஞ்சுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

“இது என்னது?”

பயத்தில் தையல்நாயகிக்குப் பொய் எதுவும் தோன்றவில்லை. வழக்கமாகச் சொல்வதே வாயில் வந்தது.

“அதுவா? நான் பண்ணின உருண்டைங்க. தொடாதீங்க ஐயா, வாயில வைக்க வெளங்காது!”

சபாபதியின் சிவந்த கண்கள் சுருங்கின.

“பண்டிகை நாள்ல தான் செஞ்ச பலகாரத்தைத் தானே பழிக்கற பொம்பளையை நான் பாத்ததே இல்லை. எங்க வீட்டுல கருகிப்போனதைக்கூட முறுவலா இருக்குன்னு சொல்லித்தான் போடுவா. நானும் அப்படித்தான். பாட்டு பாடினா, என்னைப் போல யாருமில்லைன்னு நானே சொல்லிடுவேன். நீ மட்டும் ஏன் இப்படிச் சொல்றே?”

ஓகோ, இவர் நம்பவில்லை! தையல்நாயகியின் புத்தியில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. முத்துக்குமரு ஏன் வாய் திறக்காமல் குளத்துக்குப் பறந்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஓடிப்போய் இலைத்தட்டின் முன்னால் இறக்கைகளை விரித்து நின்றாள்.

“சத்தியமாச் சொல்றேங்க! வெல்லத்துக்குப் பதிலாப் பிசினைப் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் ஒண்ணைத் தின்னுட்டு, வாயைத் தொறக்க முடியாமக் குளத்துல கெடக்கறார். வந்த விருந்தாளி ஒருத்தர்கூடத் தொடலை. எனக்குத் தையல்ல பாதி கோணல், சமையல்ல முழுக்கக் கோணல்!”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரே மூச்சில் அவ்வளவு உண்மையை அவள் அதற்கு முன் சொன்னதும் இல்லை.

சபாபதி கடகடவென்று சிரித்தார்.

“பலே கெட்டிக்காரிதான் நீ! முட்டையை இங்கே பஞ்சுக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டு, அங்கே ஒரு பொம்மை வீட்டைத் தொங்கவிட்டு என் கண்ணைக் கட்டப் பாக்கறியா? குடியிருக்கற வீட்டை யாராவது இப்படி அலங்கோலம் பண்ணுவாங்களா?”

உயிர் போகிற அந்த நேரத்திலும் ‘அலங்கோலம்’ என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நல்லவேளையாக மூடிக்கொண்டாள்.

சபாபதி அவளை ஓர் இறக்கையால் ஒதுக்கித் தள்ளினார். மூன்று உருண்டைகளையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை அலகு திறக்கவில்லை.

“ம்ம்ம்?” என்றார் சபாபதி. பிறகு, “ம்ம்ம்!” என்றார்.

“நான்தான் சொன்னேனே ஐயா!” என்றாள் தையல்நாயகி.

சபாபதி அலகைக் கிளையில் தேய்த்தார். பஞ்சு ஒட்டிக்கொண்டது. தோரணத்தில் தேய்த்தார். மிட்டாய்த்தாள் ஒட்டிக்கொண்டது. தங்க மீசையும் வெள்ளைத் தாடியுமாகக் கரையோரம் பறந்தார்.

“பாருங்க, பாருங்க! சகுனம் போகுது, அலங்காரத்தோட!” என்று கூவினாள் மங்களம்.

கரையே சிரித்தது. ஊரெல்லாம் விருந்து தின்ற அந்த நாளில் சபாபதி மட்டும் அலகைச் சேற்றில் ஊறவைத்துக்கொண்டு, பட்டினியாக உட்கார்ந்திருந்தார். அந்தக் கரையில் தலைகாட்டவே அதன்பிறகு அவருக்கு வெட்கமாக இருந்தது.

தையல்நாயகி பாய்ந்துபோய் முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றும் வெதுவெதுப்பாக இருந்தன. வெளியே வந்து தோரணத்தை அறுத்தாள். மணியைப் பிடுங்கி எறிந்தாள். இதழ்களை உதிர்த்தாள். வீடு மறுபடி இலையாகிவிட்டது.

அப்போது முத்துக்குமரு சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்து சேர்ந்தான். அலகு அப்போதுதான் விட்டிருந்தது. மூச்சு வாங்க நின்று, பாதியில் நின்ற வார்த்தையை முடித்தான்.

“...போத்து!”

“என்னது?”

“செம்போத்துடி! வாய்க்கால் கரையில நிக்குது, வீட்டைப் பாத்துடும்னு சொல்லத்தான் ஓடி வந்தேன். அதுக்குள்ள உருண்டையைத் திணிச்சுட்டே!”

தையல்நாயகி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அதில் பாதி அழுகைதான்.

“நீங்க செமன்னு பாராட்டறீங்கன்னு நெனைச்சேங்க! வீட்டை அலங்காரம் பண்ணினதுகூடப் பெரிய தப்பில்லை. என் சமையலை ஒருத்தர் பாராட்டறார்னு நம்பினேன் பாருங்க, அதைச் சொல்லணும்!”

நான்காம் நாள் மூன்று குஞ்சுகளும் முட்டையை விட்டு வெளியே வந்தன. கீச்சுக்குரல் கேட்டு மங்களம் ஓடி வந்தாள். வீட்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கழுத்தை நீட்டி நாலு பக்கமும் தேடினாள்.

“அக்கா! சத்தம் கேக்குது, வீட்டைக் காணோமே! அன்னைக்கு இங்கேதானே இருந்துச்சு?”

“இங்கேதான் எங்கேயோ இருக்கு மங்களம்” என்றாள் தையல்நாயகி. ‘அடேயப்பா’வைவிட அந்தக் கேள்வி அவள் காதுக்கு இனிமையாக இருந்தது.

தன் குறையைத் தானே சொல்லிச் சிரிக்கத் தெரிந்தவர் ஆபத்திலும் பிழைத்துக்கொள்வார்; தற்பெருமை பிடித்தவருக்கோ அடுத்தவர் சொல்லும் உண்மைகூடப் பொய்யாகத்தான் தெரியும்.