பாக்கி வேலை

மழைக்காலம் ஓய்ந்து வால்பாறையில் முதல் வெயில் அடித்த நாளில், பணி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் மாசிலாமணி ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு ரஹ்மத்துன்னிசாவின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். வந்தவருக்கு அறுபது வயது. பட்டறையை நடத்தியவருக்கு நாற்பதுகூட நிறையவில்லை. ஆயினும் அன்று தொடங்கிய உறவில் குரு ரஹ்மத்துன்னிசா, சீடர் மாசிலாமணி.

அது மண்பாதையில் ஓடுவதற்கென்றே செய்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. டயர்கள் கட்டை கட்டையாய்ப் பல் வைத்தவை. சைலன்சர் நடுவில் வயிறு பருத்து வளைந்து கிடந்தது. வண்டி முழுவதும் துரு.

"யாரோட வண்டிண்ணே?" என்று கேட்டார் ரஹ்மத்து.

"என் வீட்டுக்காரியோடது. பொற்கொடி நர்ஸு தெரியும்ல? தடுப்பூசிப் பெட்டியப் பின்னால கட்டிக்கிட்டு, ரோடே இல்லாத எஸ்டேட்டுக்கெல்லாம் இதுலதான் போவா."

"ராக்கெட் நர்ஸம்மாவா?"

"அவளேதான்," என்றார் மாசிலாமணி. அந்தப் பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்காது. "இறக்கத்துல விழுந்து முட்டியை உடைச்சுக்கிட்டா. அது ஆச்சு பல வருஷம். அப்புறம் வண்டியத் தொடல."

"இப்ப என்ன?"

"தை மாசம் ரிட்டயர் ஆகுறா. பொன்னாடை வேணாமாம், விருந்து வேணாமாம். என் வண்டிய எனக்குத் திருப்பிக் குடுங்கன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா."

சொல்லிவிட்டு மாசிலாமணி பக்கத்தில் யாரும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி ஓடணும். ஆனா வேகமா ஓடக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ரஹ்மத்து கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"அப்படி ஒரு வண்டி செய்ய எனக்குத் தெரியாதுண்ணே. நீங்களே செய்யுங்க. நான் ஸ்பேனர் எடுத்துத் தர்றேன்."

மாசிலாமணி சிரித்தார். ரஹ்மத்து சிரிக்கவில்லை. மறுநாள் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மாசிலாமணி வந்து நின்றார்.

முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்கைக் கழற்றச் சொன்னார் குரு. அதற்குள் ஒரு கை ஜல்லியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டு, மூடிக் குலுக்கச் சொன்னார். மாசிலாமணி குலுக்கினார். உச்சி வெயில் வரையில் குலுக்கினார். கவிழ்த்தபோது செம்மண் குழம்பைப் போலத் துரு கொட்டியது.

"வாத்தியாரம்மா, இத்தனை துரு எங்கிருந்து வந்துச்சு? அவ வண்டிய மழையில ஒரு நாள்கூட நிறுத்தினதில்லையே!"

"மழையில வரலண்ணே. சும்மா நின்னதுல வந்தது."

மாசிலாமணி மறுபடியும் ஜல்லியைப் போட்டுக் குலுக்கத் தொடங்கினார். மாலையில் கை கழுவும்போது, "இன்னும் என்ன வேலை பாக்கி?" என்று கேட்டார்.

"கார்ப்பரேட்டர் பாக்கி. என்ஜின் பாக்கி. பிரேக்கு, கிளட்ச், ஒயரிங், எல்லாம் பாக்கி."

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அவர் கேட்டுவிட்டுப் போகும் கேள்வியாக அது நிலைத்தது. குருவும் சலிக்காமல் பதில் சொன்னார்.

கார்ப்பரேட்டரைத் துப்புரவு செய்த நாளில் மாசிலாமணி மகிழ்ச்சியோடு இருந்தார். தாமே அறுத்து, தாமே அரம் போட்டு வழவழப்பாக்கிய ஒரு சிறு குழாய்த் துண்டைக் குருவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இத மூடிக்குள்ள சொருகிட்டா ஆக்ஸிலேட்டர் பாதிக்கு மேல திறக்காது. எத்தனை முறுக்கினாலும் பாதிதான். எப்படி?"

ரஹ்மத்து அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிசிறே இல்ல. நல்ல கை உங்களுக்கு."

"அப்ப மாட்டிடட்டுமா?"

"உங்க வண்டிதானேண்ணே?"

"இல்லையே, அவளோடது."

"ஓ," என்றார் ரஹ்மத்து. பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்த 'ஓ'வுக்கு என்ன பொருள் என்று மாசிலாமணி நெடுநேரம் யோசித்தார். தடுக்கவில்லையே என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, குழாய்த் துண்டை மாட்டினார்.

என்ஜின்தான் பிடிவாதம் பிடித்தது. பிஸ்டன் உள்ளே ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. டீசல் ஊற்றி ஊறவிட்டு, மரச்சுத்தியலால் குழந்தையைத் தட்டுவது போலத் தட்டித் தட்டி, கடைசியில் ஒரு மாலையில் பிஸ்டன் வெளியே வந்தது. அதன் பக்கங்களில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள். பூனை நகத்தால் பிறாண்டிய வாழைத்தண்டு போல இருந்தது.

ரஹ்மத்து அதை விரலால் தடவினார். விரலை முகர்ந்தார்.

"எங்க விழுந்தாங்கண்ணே?"

"அட்டகட்டிக்கு மேல, பெரிய வளைவு தாண்டி நீள இறக்கம் இருக்குல்ல, அங்க. வேகமா வந்திருக்கா."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் எங்க பார்த்தேன்? பொள்ளாச்சி வண்டியில டியூட்டி. வேகமா வராம எப்படி விழுவா?"

ரஹ்மத்து பிஸ்டனை ஒரு துணியில் சுற்றி, சீடரின் சட்டைப் பையில் போட்டார். பை தொங்கியது.

"பழைய சாமான்தான். ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க. பையிலயே இருக்கட்டும்."

அன்றிரவு சாப்பாட்டின்போது, "பையில என்னங்க, செங்கல்லா?" என்று கேட்டார் பொற்கொடி.

"சாமான்," என்றார் மாசிலாமணி.

சிலிண்டரைக் கோவைக்கு அனுப்பி, கீறல் போக உட்சுவரைக் கடைந்து போர் போட்டு வாங்கினார்கள். புதுப் பிஸ்டனை ஏற்றினார்கள். பெட்ரோலில் ஆயிலை அளந்து ஊற்றிக் கலக்கும் வேலையை ரஹ்மத்து வேறு யாரிடமும் விடவில்லை, சீடரையே செய்யவைத்தார். டேங்கில் ஊற்றி, மாசிலாமணி கிக்கரை மிதித்தார். மிதித்து மிதித்து மூச்சு வாங்கினார். வண்டி தும்மியது, இருமியது. பிறகு ஒரேயடியாக அலறிக்கொண்டு உயிர் பெற்றது. பட்டறை முழுவதும் நீலப் புகை. மாசிலாமணி புகைக்குள் நின்றபடி கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"புகை வாத்தியாரம்மா, புகை."

"தெரியுதுண்ணே," என்றார் ரஹ்மத்து.

சோதனை ஓட்டத்துக்குச் சீடரே போனார். பட்டறையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரையில் செங்குத்தாக இறங்கும் மண்பாதை. ரஹ்மத்து தம் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்.

மலைப்பாதை ஓட்டுநர்களுக்கு ஒரு வேதம் உண்டு: ஏறின கியரிலேயே இறங்கு. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, பிரேக்கை நம்பாதே, என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேதத்தை மாசிலாமணி ஒரு நாளும் மீறியதில்லை. அவருடைய பேருந்தில் ஏறினால் கர்ப்பிணியும் கண்ணயரலாம் என்று ஊரே சொல்லும். இப்போதும் அவர் இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை முற்றாக மூடி, தேர் இறங்குவது போல இறங்கினார். என்ஜின் கீச்சிட்டுக்கொண்டே வந்தது.

பின்னாலிருந்து ஹார்ன் அலறியது.

"கொடுங்கண்ணே! கொஞ்சம் கொடுங்க! ஆக்ஸிலேட்டரத் திறங்க!"

அதுவரை குரலை உயர்த்தியறியாத குரு அவர். மாசிலாமணி பதறிப்போய்க் கிளட்சைப் பிடித்து, வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"என்ன வாத்தியாரம்மா! இறக்கத்துல போய் வேகம் கொடுக்கச் சொல்றீங்க?"

ரஹ்மத்து சிலிண்டருக்கு அருகில் கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று பின்னிழுத்தார்.

"இந்த வண்டிக்கு ஆயில் எங்கண்ணே இருக்கு?"

"பெட்ரோல்லதான். நானே கலக்கினேனே."

"ஆக்ஸிலேட்டர மூடினா பெட்ரோல் உள்ள போகுமா?"

"சொட்டுப் போகும். அவ்வளவுதான்."

"ஆயில்?"

மாசிலாமணியின் பார்வை டேங்கிலிருந்து சிலிண்டருக்கு இறங்கியது.

"பஸ்ஸுக்கு ஆயில் அடிவயித்துல தனியா இருக்கு. மூடினாலும் கிடைக்கும், திறந்தாலும் கிடைக்கும். இதுக்குச் சோத்துலதாண்ணே மருந்து. நீள இறக்கத்துல சின்ன கியர்ல போட்டு மூடிட்டீங்கன்னா, சக்கரம் என்ஜினை இழுத்து ஓட்டும். ஆனா அதோட தொண்டை காய்ஞ்சு கிடக்கும். கிளட்சப் பிடிச்சு இடையில இடையில கொஞ்சம் திறந்து விடணும். இல்லைன்னா பிஸ்டன் அப்படியே பிடிச்சுக்கும். பின்சக்கரம் நின்னுடும்."

தொழிற்சாலையிலிருந்து தேயிலை வாசம் காற்றில் வந்தது. மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தார். பிஸ்டனின் கீறல்கள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

"இப்படி இறங்கணும்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்," என்றார்.

ரஹ்மத்து ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"அன்னிக்கு அவ வேகமா வரலையா?"

"அத நான் எப்படிண்ணே சொல்றது? வீட்ல கேளுங்க."

வீட்டில் பொற்கொடி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணி பிஸ்டனை அவருக்கு முன்னால், நறுக்கிய காய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

"கொடி, அன்னிக்கு எப்படி இறங்கினே?"

பொற்கொடி பிஸ்டனைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான். ரெண்டாவது கியர். ஆக்ஸிலேட்டர் மூடி. ஒரு கிழவி என்னைத் தாண்டி நடந்து போயிருப்பா, அவ்வளவு மெதுவா. திடீர்னு பின்சக்கரம் நின்னுடுச்சு. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"ஊர் பூரா உன்னை ராக்கெட்டு ராக்கெட்டுன்னு சொல்லிச்சே! வேகந்தான் காரணம்னு நானும்தானே சொன்னேன்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில நீங்க கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்க. மறுநாள் காலையில டியூட்டி. அதே இறக்கத்துல அத்தனை சனத்தையும் வெச்சுக்கிட்டு இறங்கணும். நீங்க சொன்னபடி இறங்கித்தான் விழுந்தேன்னு நான் சொல்லியிருந்தா, ஒவ்வொரு வளைவிலயும் உங்க கை யோசிச்சிருக்கும். யோசிக்கிற கை மலையில ஆகாதுங்க."

"அதுக்காக இத்தனை வருஷமா?"

"நீங்க ரிட்டயர் ஆனதும் சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் மறந்துட்டேன்," என்றார் பொற்கொடி. "அந்தச் செங்கல்ல எடுங்க, காயில கிரீஸ் படுது."

மாசிலாமணி எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச அவரைக்காய்க்கு நார் உரித்தார்.

மறுநாள் ரஹ்மத்து பட்டறைக்கு வந்தபோது, சீடர் அவருக்கு முன்பே வந்து வாசலில் அமர்ந்திருந்தார். அவர் கையில் பெட்ரோல் வாசம். கார்ப்பரேட்டரின் மூடி புதிதாக முடுக்கப்பட்டிருந்தது. பழைய இரும்பு போடும் டப்பாவின் மேல், பிசிறில்லாத ஒரு குழாய்த் துண்டு கிடந்தது. ரஹ்மத்து அதைப் பார்த்தார். அன்று இருவருக்கும் தேநீரை அவரே வாங்கி வந்தார்.

பொற்கொடி பணி ஓய்வு பெற்றதற்கு மறுநாள் காலை, பட்டறை வாசலில் வண்டி துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. சுடிதாரும் ஹெல்மெட்டுமாக வந்த பொற்கொடி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சைலன்சரின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இத்தனை பளபளப்பா நான் வாங்கினப்பகூட இல்லையே! யார் வேலை ரஹ்மத்து?"

"எல்லாம் அண்ணன் வேலைதான். நான் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன்."

"இவரா? வீட்ல ஒரு பல்பு மாத்தச் சொன்னா ஏணி இல்லைம்பார்."

மாசிலாமணி நாணினார். மனைவியின் முட்டி சரியாக மடங்காது. ஆகையால் அவர் ஏறி அமரும் வரையில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். பொற்கொடி கிக்கரை மிதித்தார். வண்டி உடனே பேசிற்று. புகை எழுந்தது.

"இறக்கத்துல..." என்று தொடங்கினார் மாசிலாமணி.

"கிளட்சப் பிடிச்சு, இடையில இடையில கொஞ்சம் திறந்து விடணும். நேத்திலிருந்து எத்தனை தரம் சொல்லுவீங்க?"

"எஸ்டேட் லாரி வரும்..."

"வரும். நானும் வருவேன். ஹாரன் இருக்குல்ல?"

முன்னால் பாதை, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, வளைந்து வளைந்து கீழே போயிற்று. பொற்கொடி கியரைப் போட்டார். வண்டி அரை அடி முன்னே வந்து நின்றது. இன்னொரு முறை முயன்றார். மீண்டும் நின்றது. மாசிலாமணி பிரேக்கைப் பார்த்தார், சங்கிலியைக் குனிந்து பார்த்தார், எதிலும் குறை தெரியவில்லை. தவிப்போடு குருவின் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரம்மா, இன்னும் என்ன வேலை பாக்கி?"

ரஹ்மத்து கதவுநிலையில் சாய்ந்தபடி தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

"ஹேண்டில்பார்ல இருந்து கைய எடுங்கண்ணே."