பாதியில் நிற்கும் கூடு

பறவைகள் வாய்விட்டுப் பேசி, பேசியதற்குச் சாட்சியும் வைத்துக்கொண்ட அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிகளில் ஆண்கள் கூடு பின்னினார்கள்; பெண்கள் அதைப் பேசி வாங்கிக்கொண்டார்கள். பின்னுகிறவன் முதலில் மாதிரிக் கூடு ஒன்றைக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் பெண்குருவி ஒரு தினைக்கதிரை அச்சாரமாகக் கொடுப்பாள். பிறகு எந்த நாளுக்குள் முடிப்பது என்று தவணை பேசுவார்கள். கூடு முழுதாக முடிந்ததும், சாட்சியாக நின்று வழக்கும் தீர்க்கும் ஏரிக்கரை நாரையாரின் முன்னால் அவள் "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்வாள். அந்த ஒரு வார்த்தையோடு பின்னியவனின் பொறுப்பு தீர்ந்தது. அதன் பிறகு கூட்டுக்கு என்ன வந்தாலும் அது அவள் பாடு.

அந்த ஏரிக்கரையில் தவிட்டி என்று ஒரு பெண்குருவி இருந்தாள். அவளுடைய துணையை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. வயிற்றில் முட்டை கனத்துக்கொண்டிருந்தது. மழைக்காலமும் நெருங்கிவிட்டது. அவள் மஞ்சணத்தானிடம் போனாள். அந்தக் கரையில் அவனைப் போலப் பின்னுகிறவன் கிடையாது.

அவன் காட்டிய மாதிரி பச்சை நாணல் கீற்றால் பின்னியது. தவிட்டி உள்ளே புகுந்து அடித்தளத்தைக் காலால் உதைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இதே போல வேண்டும் அண்ணே. மழைக்கு முன்னால் வேண்டும்."

"தருகிறேன் தங்கச்சி. காற்றுக்கும் மழைக்கும் மட்டும் நான் பொறுப்பில்லை. அது வழக்கமாகப் பேசுவதுதான்."

அவள் தலையாட்டினாள், கதிரைக் கொடுத்தாள்.

மஞ்சணத்தான் கெட்டவன் இல்லை. யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அந்த வருஷம் தன்னால் முடிவதைவிட அதிகம் பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். தவணை தப்பினால் பெயர் கெடும். அதனால் வெளிச்சுவரைத் தான் பின்னிவிட்டு, உள்வேலையை வேலை படியாத பங்காளிப் பையன்களிடம் கைமாற்றிவிட்டான். பச்சை நாணல் தூரத்தில் இருந்தது. அவர்கள் கரையில் கிடந்த காய்ந்த சருகுப்புல்லை எடுத்து அடித்தளத்தைப் பின்னி மூடினார்கள். அவன் வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிரித்துப் பின்ன நாளில்லை. மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. தாங்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

தவிட்டி வந்தாள். ஈச்சமரத்து ஓலையில், தண்ணீருக்கு மேல், கூடு பச்சையாகத் தொங்கியது. கண்ணுக்கு அத்தனை அழகு.

"உள்ளே போய்ப் பார்க்கட்டுமா அண்ணே?"

"முடிச்சுகள் இன்னும் இறுகவில்லை. இப்போது இழுத்துப் பார்த்தால் தளர்ந்துபோகும். மாதிரியைத்தான் பார்த்தாயே."

நாரையார் ஒற்றைக்காலில் காத்திருந்தார். தவிட்டிக்கு நிற்கக்கூட முடியவில்லை.

"பெற்றுக்கொண்டேன்" என்றாள்.

அதில் முட்டையிட்டாள், அடைகாத்தாள், குஞ்சு பொரித்தாள். குஞ்சுகள் வாய் பிளந்து கத்தும் சத்தம் அடுத்த மரம்வரை கேட்கும். ஒருநாள் சாயங்காலம் அவள் இரை தேடப் போயிருந்தபோது காற்று கிளம்பியது. அலகில் புழுவோடு திரும்பி வந்தாள். கூடு ஓலையிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கீழிருந்து பார்த்தால் அதன் வழியாக வானம் தெரிந்தது. அடித்தளம் முழுவதும் பிய்ந்து விழுந்திருந்தது. தண்ணீரில் காய்ந்த புல் மிதந்தது. அதன் நடுவே, இறகு முளைக்காத ஒரு முதுகு. மற்றக் குஞ்சுகள் அந்த அளவுக்குக்கூடக் கண்ணில் படவில்லை.

அவள் புழுவைக் கீழே போடாமலே வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பறந்தாள்.

மறுநாள் நாரையாரின் முன்னால் வழக்கு வந்தது.

"காற்றுக்கு நான் பொறுப்பில்லை என்று முதலிலேயே பேசினது" என்றான் மஞ்சணத்தான். அவன் தவிட்டியைப் பார்க்கவில்லை.

"அதே காற்றில் பக்கத்துக் கூடு முழுசாகத் தொங்குகிறதே, அண்ணே" என்றாள் அவள். காய்ந்த புல்லின் ஒரு துண்டை நாரையாரின் காலடியில் வைத்தாள். "இது மாதிரியில் இல்லை, ஐயா."

நாரையார் குனிந்து பார்த்தார். "இல்லைதான். வாங்கும்போது உள்ளே பார்த்தாயா?"

"பார்க்க விடவில்லை."

"விடாதபோது பெற்றுக்கொண்டேன் என்று ஏன் சொன்னாய்?"

"வயிற்றில் முட்டையோடு நின்றேன் ஐயா. வேறு எங்கே போவேன்?"

"உன் வயிறு நீங்கள் பேசிய பேச்சில் இல்லை, தாயே. வார்த்தை சொன்ன பிறகு குறை உன்னுடையது" என்றார் நாரையார்.

மஞ்சணத்தான் ஜெயித்தான். யாரும் அவனோடு பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு அவன் ஒரு கூடு தொடங்கினான். இந்த முறை ஒவ்வொரு கீற்றையும் தானே போய்க் கொண்டுவந்தான். மேல்பாதி முடிந்தது. அடித்தளத்தை மூடப்போனபோது அலகு ஓடவில்லை. இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு கத்தினான். கரையிலிருந்த பெண்குருவிகள் எல்லாம் வந்து கூடின. தவிட்டியும் வந்தாள்.

"இன்னும் மூடவில்லை தங்கச்சி. உள்ளே போ. உன் பலத்தையெல்லாம் கொண்டு இழு."

அவள் போனாள். கீற்று கீற்றாகக் கடித்து இழுத்தாள். ஆத்திரத்தோடு இழுத்தாள். அலகோரத்தில் ரத்தம் கசிந்தது. ஒரு முடிச்சும் அவிழவில்லை.

"பச்சை நாணல்தான்" என்றாள் வெளியே வந்து.

"முடிக்கட்டுமா?"

தவிட்டி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "இதைப் போன வருஷம் பின்னியிருக்கலாம், அண்ணே."

பறந்துபோனாள். அந்த ஏரிப்பக்கம் அவள் மறுபடி வரவில்லை. மஞ்சணத்தான் அந்தக் கூட்டை முடிக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. அது மழையில் நனைந்து மரத்திலேயே கறுத்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்குருவிகள் அதற்குப் பிறகு முழுக்கூட்டை எவனிடமும் வாங்கவில்லை.

ஆண் தூக்கணாங்குருவி பாதிக்கூட்டோடு நின்று இறக்கையடித்துக் கூப்பிடுவதும், பெண்குருவி உள்ளே புகுந்து இழுத்துப் பார்த்த பிறகே அவன் மீதியைப் பின்னுவதும், அவள் வேண்டாம் என்று போன கூடுகள் அடித்தளம் இல்லாமல் மரத்தில் தொங்குவதும் அந்த மழைக்காலத்தில் தொடங்கியவைதான்.