வாசலில் நின்ற இரண்டு பேர்

மஞ்சக்கரை நகராட்சிச் சந்தைக்குள் வண்டி நுழைந்தாலே மாமூல்தான். கமிஷனர் தணிகாசலத்தின் ஆட்கள் இரண்டு பேர் வாசலிலேயே கை நீட்டுவார்கள். வியாபாரிகள் ஒவ்வொருவராகப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது பூட்டிய கடைகளும் அங்கே பெருக்கும் பிச்சம்மாவும்தான்.

ஒருநாள் கமிஷனர் அவளைக் கூப்பிட்டார். "மில் கட்ட இடம் பார்க்க நாளைக்கு ஒரு முதலாளி வர்றார். சந்தை ஜேஜேன்னு இருக்கணும். உனக்குத்தான் வியாபாரிங்க எல்லாரையும் தெரியுமே. கூட்டம் வரலேன்னா உனக்கு வேலை கிடையாது."

"வரும் ஐயா. உங்க ஆளுங்க மட்டும் நாளைக்கு வாசல்ல நிக்கக் கூடாது."

முதலாளி கண்ணில் அவர்கள் படாமல் இருப்பதும் நல்லதுதான் என்று கமிஷனர் தலையாட்டினார்.

மறுநாள் வெங்காய வண்டி, வாழைத்தார் லாரி, வளையல் கடை என்று சந்தை பிதுங்கியது. முதலாளி அசந்துபோனார்.

"தினமும் இப்படித்தான்" என்று கமிஷனர் மார்தட்டினார்.

முதலாளி பிச்சம்மா பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"இருக்கும் சார். ஐயாவோட வசூல் ஆளுங்க தினமும் லீவு போட்டா."

வியாபாரிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "கமிஷனர் சார், அந்த லீவு எத்தனை நாளைக்கு? அதைச் சொல்லுங்க, அப்புறம் மில்லைப் பத்திப் பேசலாம்."

சந்தையே தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது கமிஷனருக்குத் தெரிந்தது. "இனிமே எப்பவுமே லீவுதான் சார்" என்றார்.

சாயங்காலம் குப்பை மலையாகக் குவிந்து கிடந்தது. பிச்சம்மா நேராகக் கமிஷனரிடம் போய் நின்றாள்.

"ஐயா, இதுக்கு ஒரு ஆள் போதாது. அந்த ரெண்டு பேரும் சும்மாதானே இருக்காங்க. ஆளுக்கொரு விளக்குமாறு குடுத்து அனுப்புங்க."